அயலாரும் அங்காடியும்

நெய்வேலி நகரியத்தில் மாலை வேளைகளில் மாணவர் சிலர் நம்முடன் உலாவ வருவதுண்டு. வேம்பும் புளியும் நிழல் செய்யும் சாலைகளில் வட்டம் வட்டமாய் நடந்து, கண்டதும் கேட்டதும் பேசுவோம். ஒருநாள் வானிற் செவ்வாய் தோன்றுவதைக் கண்ட மாணவரொருவர், “வேற்றுலகத்து உயிர்கள் இப்பூமிக்கு வருமாயின் நம்மை என்ன செய்யும்?” என்று வினவினார். “அழிக்கும்” என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் உடன் நடந்தார். இவ்வினாவும், அவ்விடையும், அம்மௌனமும் நம் உள்ளத்தில் நெடுநாள் நின்றன. அவற்றின் பயனே இக்கட்டுரை.

அழிக்கும் என்று விடை கூறினவரைக் குறைகூறுதற்கில்லை. 1898-ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர், செவ்வாய் வாசிகள் இங்கிலாந்தின்மேற் படையெடுத்து வந்ததாக ஒரு நவீனம் வெளியிட்டார். அதுமுதல் இத்தகைய கதைகளிலும் திரைப்படங்களிலும் முதற்சந்திப்பென்பது போரென்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. ஆயினும் வானிலிருந்து ஒருவரும் இதுகாறும் வந்திலர். வாராதாரைப்பற்றி ஊகிக்க வேண்டுமாயின், வந்தாரைப்பற்றி ஆராய்தலே நேரிய வழியாம். மொழி தெரியாமல், முகம் அறியாமல், கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்நியர் பலரை நம் சோழமண்டலக் கரை கண்டிருக்கின்றது. அவர்களுட் பலர் முதலில் ஏந்திவந்தது வாளன்று; துலாக்கோலே. அத்துலாக்கோல் எப்பொழுது நேரே நின்றது, எப்பொழுது சாய்ந்தது, ஏன் சாய்ந்தது என்பனவற்றை இங்கு ஒருவாறு ஆராய்வாம்.

பேசா வாணிகம்

ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவிடத்து வாணிகம் நடைபெறுமோ எனின், நடைபெறும். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டினராகிய ஹெரோதொதஸ் என்னும் கிரேக்க சரித்திராசிரியர், கார்த்தேஜ் நகரத்து வணிகர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நடத்திய வாணிகமொன்றை விவரித்துள்ளார். வணிகர் தம் சரக்குகளைக் கரையில் வரிசையாய் வைத்துக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவர். அது கண்ட ஊரார் வந்து, சரக்குக்கு ஈடாகப் பொன்னை வைத்து விலகி நிற்பர். பொன் போதுமென்று தோன்றினால் வணிகர் அதனை எடுத்துச் செல்வர். போதாதெனில் கப்பலிற் காத்திருப்பர். ஊரார் மேலும் பொன் வைப்பர். சரக்கின் மதிப்பளவு பொன் சேருமுன் வணிகர் பொன்னைத் தொடார். வணிகர் பொன்னை எடுக்குமுன் ஊரார் சரக்கைத் தொடார்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி இதனினும் வியப்புடையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கிய பாஹியான் என்னும் சீன யாத்திரிகர், அத்தீவைப்பற்றி வழங்கிய பழங்கதையொன்றைக் குறித்துள்ளார். ஆதியில் அங்கு மனிதர் இல்லை. பூதங்களும் நாகர்களுமே இருந்தனர். பல நாட்டு வணிகர் அவர்களோடு வாணிகம் செய்தனர். பூதங்கள் தம் உருவத்தைக் காட்டுவதில்லை. விலையுயர்ந்த பொருள்களை விலை குறித்து வெளியே வைக்கும்; வணிகர் அவ்விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துச் செல்வர். இவ்வாறு வணிகர் வந்து போனமையால் அந்நாட்டின் வளம் பிறர்க்குத் தெரிய, மக்கள் குடியேறினர் என்பது கதை.

இது கதையே, சரித்திரமன்று. எனினும் வேற்றுலகத்தாரோடு முதற்சந்திப்பு என்னும் பொருள்பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய கதைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். இக்கதையில் போர் இல்லை என்பதை மாணவர் கருதுக. முகம் காட்டாத உயிர்களோடும் வாணிகம் செய்தல் கூடும் என்று நம் முன்னோர் எண்ணினர். அதற்கு வேண்டுவன இரண்டே: விலை போதாதெனில் சரக்கை விட்டுச் செல்லும் உரிமை, விட்டுச் சென்ற சரக்கைப் பிறர் கவராத ஒழுக்கம்.

யவனர்

இனிச் சரித்திரத்துட் புகுவாம். புதுச்சேரிக்குத் தெற்கே சிறிது தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேடு என்னும் பழைய ஊர் புதையுண்டு கிடக்கின்றது. 1945-ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் இதனை அகழ்ந்தபொழுது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளும், இத்தாலி நாட்டுச் சிவந்த மெருகுக் கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், பலவகை மணிகளும் வெளிப்பட்டன. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற செங்கடற் பயணநூல் ‘பொதுகே’ என்று குறிக்கும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரது துணிபு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய ஆய்வால், யவனர் வருமுன்னரே அங்கு ஊர் இருந்ததென்பதும் தெளிவாயிற்று. யவனர் ஊரை உண்டாக்கினாரல்லர். இருந்த ஊருக்கு வந்தனர்.

அவர்கள் வந்த வழி பருவக்காற்று. எகிப்து நாட்டுச் செங்கடல் துறைகளினின்று ஆடி மாதத்தளவிற் புறப்படும் கப்பல்களைத் தென்மேற்குக் காற்று நம் மேலைக் கரைக்குக் கொண்டுவரும். வந்தவர் வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் திரும்ப வேண்டும். அவர்கள் விரும்பியவற்றுள் தலையாயது மிளகு. முத்தும், தந்தமும், நுண்ணிய ஆடையும் அதனை அடுத்தன. அவர்கள் கொணர்ந்தவற்றுள் தலையாயது பொன். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர் நாணயத்தை இந்தியா உறிஞ்சுகின்றதென்றும், இங்குக் கொண்ட சரக்கு உரோமையில் நூறு மடங்கு விலைக்கு விற்கின்றதென்றும் பிளினி என்னும் உரோம ஆசிரியர் முறையிட்டார். அவர் கூறிய தொகை சற்று மிகையாயினும் ஆகுக. கொங்கு நாட்டிலும் பிறவிடங்களிலும் புதையலாய்க் கிடைத்த உரோமக் காசுகள் அவர் கூற்றுக்குச் சான்றாகின்றன.

இவ்வாணிகம் எத்துணை ஒழுங்காய் நடந்தது என்பதற்கு ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலுள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு சான்று. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு 1985-ல் முதன்முறை வெளியிடப்பட்டது. ஒருபுறம் முசிறிப் பயணத்திற்காக வாங்கிய கடனைப்பற்றிய ஒப்பந்தம். மற்றொருபுறம் ஹெர்மபோலோன் என்னும் கப்பலில் வந்த தந்தம் முதலிய சரக்குகளின் கணக்கு. சரக்கில் நாலிலொரு பங்கு எகிப்தில் சுங்கமாகச் செலுத்தப்பட்டது. நம்மவரும் அங்குச் சென்றனர். எகிப்தின் குசெய்ர் துறையில் கணன், சாதன் என்னும் தமிழ்ப்பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகே துறையின் கோயிலொன்றில் இந்தியத் தாழி ஒன்றினுள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். உரோமர் மேலை உலகின் பெரும்பகுதியை வாளால் வென்றவரன்றோ? தமிழகத்தின்மேல் அவர் படையெடாதது ஏன்? அவர் அருளுடையராயிருந்தமையாலன்று. கப்பல் வருதற்கு ஒரு காற்றும் போதற்கு ஒரு காற்றும் வேண்டும். இடையே உதவிப்படை வேண்டுமெனின் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வென்று ஆளுதற்காகும் செலவினும் விலைகொடுத்து வாங்குதற்காகும் செலவு குறைவு. இங்கோ மூவேந்தரும் வேளிரும் தத்தம் துறைகளைக் காத்து நின்றனர். விலை கொடுப்பதற்கு அவர்பாற் பொன்னும் இருந்தது. தொலைவு, எதிர்நிற்கும் வலிமை, கொடுக்கத் தக்க பொருள் ஆகிய மூன்றும் கூடியபொழுது துலாக்கோல் நேரே நின்றது.

பறங்கியர்

இம்மூன்றனுள் ஒன்று குறையின் என்னாகும் என்பதைப் பின்னைய சரித்திரம் காட்டுகின்றது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். சாமூதிரி மன்னர்க்குக் காணிக்கையாக அவர் எடுத்துவைத்தவை துணியும், தொப்பியும், தேனும், எண்ணெயும் போன்றனவே. அவற்றைக் கண்ட அரண்மனை அதிகாரிகள் நகைத்தனர் என்று அப்பயணத்தைப்பற்றிய குறிப்புக் கூறுகின்றது. அரபு நாட்டு வணிகரும் குஜராத்தியரும் பல்வளப் பண்டம் கொணர்ந்து நிரப்பிய அங்காடியில், போர்த்துகேயரின் சரக்கு விலைபோகவில்லை. 1502-ல் அவர் மீண்டும் வந்தபொழுது கோழிக்கோட்டின்மேல் பீரங்கி முழங்கிற்று. பின்னர்த் தம் அனுமதிச்சீட்டுப் பெறாத கப்பல் கடலிற் செல்லலாகாது என்றும் அவர்கள் விதித்தனர். கொடுக்கத் தக்க பொருளில்லாதவன் பண்டத்தை விரும்பினால், அவன் கை வாளை நாடுகின்றது. இஃது இக்கட்டுரையின் முதற் பாடம்.

ஆயினும், வன்மை செய்தவரிடத்தும் வாணிகம் தன் தொழிலைச் செய்தே தீர்ந்தது. நம் வீட்டுச் சாவியும், அலமாரியும், மேசையும், சன்னலும், கடைத்தெருவின் ஏலமும், பீப்பாயும் போர்த்துகேயச் சொற்கள். பறங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அவர்களை நினைப்பூட்டுகின்றது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. முன்னர்த் தாம் அறிந்த மிளகின் பெயரால் தமிழர் அப்புதியதை அழைத்தனர். நெய்வேலியைச் சூழ்ந்த செம்மண் மேடுகளில் எங்கும் தழைத்து நிற்கும் முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துகேயர் வழியாக இந்நாட்டிற்கு வந்தது. பண்ணுருட்டிச் சந்தையில் முந்திரிப்பருப்புக்கு விலைபேசும் உழவர் அதனை அந்நிய மரமென்று எண்ணுவாரோ? அயலார் வந்து நெடுநாள் தங்கின், அவர் தந்த பொருள் உறவாகிவிடுகின்றது.

பொன்னோலையும் பீரங்கிக் குண்டும்

1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டென்மார்க்கு நாட்டுக் கப்பற்றலைவர் ஓவே கெட்டே தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியிற் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் உரிமை பெற்றார். நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்களரியில் உள்ளது. தேனியர் சிறு நாட்டினர். நாயக்கரோ செழித்த மருதநிலத்து அரசர். இருவருக்கும் வேண்டுவது மற்றவரிடம் இருந்தது. அவ்வாணிகத் துறை வழியே 1706-ல் சீகன்பால்கு ஐயர் வந்து, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து தமிழெழுத்துக் கற்றார். சில ஆண்டுகளில் அங்குத் தமிழ் அச்சுக்கூடமும் அமைந்தது. 1845-ல் தேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றனர். அவர்கள் வந்தது உடன்படிக்கையால், போனது விற்பனையால்.

இனி, கடலூரை நோக்குவாம். 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையினின்று எத்திசையிலும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள ஊர்களும் அவ்விலையுள் அடங்கும் என்பது ஒப்பந்தம். நல்ல பீரங்கியொன்று சென்னையிலிருந்து வருவிக்கப்பட்டது. குண்டுகள் விழுந்த இடங்களே எல்லையாயின. அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூர்ப்பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

மாணவர்காள்! இவ்வொப்பந்தத்தைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். விலை கொடுக்கப்பட்டது, சாசனம் எழுதப்பட்டது, ஆதலின் இது வாணிகமே. ஆனால் அளவுகோல் யாது? விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் பொதுவாகிய முழமன்று, காணியன்று, வாங்குபவருடைய பீரங்கி. அக்குண்டு விழுந்த ஊரில் ஏர் பிடித்து நின்றவரை ஒருவரும் வினவிலர். வாணிகத்தின் உருவம் மாறாமலே அதன் உயிர் மாறிற்று. 1746 முதற் சில ஆண்டுகள் அக்கோட்டையே தென்னாட்டில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றி இடித்தார். 1781-ல் பறங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் பொருதன. துணி வாங்க வந்தவர் நாடாள நின்றனர். துலாக்கோல் சாய்ந்த நாள் எதுவென வினவின், போர் நிகழ்ந்த நாளன்று. ஒருவர் கைப்பொருளே இருவர்க்கும் அளவுகோலாகிய நாள் என்போம். இஃது இரண்டாம் பாடம்.

நெய்வேலி

நிற்க. நாம் வாழும் இந்நகரியத்திற்கும் அயலார் வந்தனர். 1930-களில் இப்பகுதி நிலக்கிழாராகிய ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டுங்கால் கரிய பொருள் வெளிப்பட்டதென்பது ஊரறிந்த செய்தி. 1956-ல் அப்பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கெனப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று தோன்றிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கவேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரிப்படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962-ல் மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. மண்ணை வாரும் மாபெருஞ் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்னிலையம் சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்தது. எந்திரம் கொடுத்தவர் விலைபெற்றனர். தொழில் கற்பித்துத் தம் நாடு திரும்பினர். எதிர்நிற்கும் வலிமையுடைய சுதந்திர நாடு, கொடுக்கத் தக்க பொருளுடைய அயலாரோடு செய்த வாணிகம் இது. இதனைக் கண்டு நாம் பெருமை கொள்ளலாம்.

இவ்வளவும் அம்மாணவர்க்குச் சொல்லி முடித்தபொழுது, முன்னர் மௌனமாயிருந்த மூன்றாமவர் வாய்திறந்தார். “ஐயா, எங்கள் பாட்டனார் ஊர் இப்பொழுது சுரங்கத்துக்குள் இருக்கிறது. அங்கே முதலில் வந்தவர்கள் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள். பணம் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘கொடுக்கிறாயா?’ என்று பாட்டனாரை ஒருவரும் கேட்கவில்லை” என்றார்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. பொதுநலம் கருதி அரசு சட்டத்தின்படி நிலம் எடுக்குங்கால் ஈடு கொடுக்கப்படுகின்றது, அது படையெடுப்பன்று. ஆனால் கொடுப்பவர் ‘கொடேன்’ என்று சொல்ல இயலாமையின் அது முழு வாணிகமும் அன்று. விளக்கு வேண்டும் நாட்டிற்குக் கரி வேண்டும் என்பதும் மெய். உழவர்க்கு அவர் நிலம் விலையளவில் அடங்காத பொருள் என்பதும் மெய். இவ்விரண்டையும் எடையிடும் தராசு எளிதிற் கிடைப்பதன்று. ஆகையாலேயே ஈடுபற்றியும் வேலைபற்றியும் இப்பகுதியில் வழக்கு ஓய்ந்தபாடில்லை. வேற்றுலகத்தார் வருவரோ என்று வானை நோக்கிக்கொண்டிருந்த நாம், முந்திரித்தோப்பின் ஓரத்தில் நின்று வீட்டினும் உயர்ந்த எந்திரம் வருவதைக் கண்ட அம்முதியவர் கண்ணுக்கு நாமே வேற்றுலகத்தாராய்த் தோன்றியிருப்போம் என்பதை அன்றுவரை எண்ணிற்றிலேம். அயலார் நம்மை எவ்வாறு நடத்துவர் என்னும் வினாவும், நாம் பிறரை எவ்வாறு நடத்தினோம் என்னும் வினாவும் ஒன்றே. இது மூன்றாம் பாடம்.

விண்மீன் வாணிகம்

முதல் வினாவிற்கு விடை கூறி முடிப்பாம். ஞாயிற்றுக்கு அடுத்த விண்மீன் நாலு ஒளியாண்டுக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது; ஒளியே அங்குச் செல்ல நாலாண்டுக்கு மேலாகும். யவனரைத் தடுத்த கடல் இதன் முன் ஒரு வாய்க்கால். இத்தொலைவு கடந்து படை கொணர்தல் பெருஞ்செலவு. மண்ணும் நீரும் பொன்னும் கொண்டுபோதலும் அத்தகையதே. எளிதிற் செல்வது செய்தி ஒன்றே. ஆதலால் அத்தகையோர் நம்மிடம் விலைகொள்ள விரும்புவது எதுவாயினும், அது பெரும்பாலும் அறிவும் கலையுமாகவே இருக்கும் என்று ஊகிக்கலாம். 1978-ல் பால் குருக்மன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் விண்மீன்களிடை வாணிகத்தைப்பற்றி விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினார். ஒளிக்கு நிகரான வேகத்தில் விரையும் கப்பலில் காலம் மெல்லச் செல்லும். அங்ஙனமாயின் சரக்கின்மேல் வட்டி கணக்கிடுவது கப்பற் கடிகாரத்தாலா, ஊர்க் கடிகாரத்தாலா என்பது அவர் ஆராய்ந்த வினா. ஊர்க் கடிகாரத்தாலேயே என்பது அவர் முடிபு. முசிறிக்குக் கப்பல் விட்ட வணிகன் திரும்பிவரும் நாளை எண்ணிக் கடனோலை எழுதிய கவலையும் இவ்வினத்ததே.

எனினும் தொலைவொன்றே நம்மைக் காக்கும் என்று துணிதல் ஆகாது. அத்தொலைவைக் கடந்து வரவல்லார்க்கு நம்மினும் வலிமை மிகும். அவர் பீரங்கி அளவுகோலாகாமல் இருக்க நம்பாற் கொடுக்கத் தக்கது ஏதேனும் இருத்தல் வேண்டும். அதனைத் தேடி வைத்தலே கல்வியின் பயன்களுள் ஒன்று.

விடுமுறையில் மாணவர் அரிக்கமேட்டையும், தேவனாம்பட்டினத்தையும், பறங்கிப்பேட்டையையும், தரங்கம்பாடியையும் சென்று காண்பாராக. எங்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கேட்பாராக: இங்கு இருவர்க்கும் பொதுவான அளவுகோல் இருந்ததா? கொடுப்பவர் ‘கொடேன்’ என்று சொல்லக்கூடியவராய் இருந்தாரா? அருகில் நின்ற மூன்றாமவரை எவரேனும் வினவினரா? இவற்றிற்கு ஆம் என்று விடை வருமிடத்து வந்தவர் எவ்வுலகத்தவராயினும் விருந்தினரே. அம்மூன்றாம் மாணவரோடு நாம் இன்றும் உலாவுகின்றோம். அவர் பாட்டனார் ஊரின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.